செய்வித்தவர் யார்?

எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பகுதிகளின் ஆலைக் கழிவுநீருக்குச் சான்று கூற வேண்டிய உயிர்களுள் மீனும் ஒன்று. 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரத்தின்படி, கழிவுநீரில் விடப்பட்ட மீன்களுள் 100-க்கு 90, 96 மணி நேரம் கழிந்தும் உயிரோடிருத்தல் வேண்டும். எஞ்சிய பத்து மடியினும் சட்டத்திற்குக் குறையில்லை. கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நமக்கு?

இச்சோதனையே கூடாது என்று கூறிவிடுதல் எளிது. ஆயின் கண்ணாடித் தொட்டியை மூடிவிட்டால் கழிமுகத்து மீன் பிழைத்துவிடுமா? 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. கூழைக்கடாக்களின் சிறகிலும் படிந்தது. சோதியாது விடுதலும் ஹிம்சைக்கு வழியாகலாம் என்பதை நாம் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், இயன்ற இடமெல்லாம் சோதனையைத் தவிர்க்கச் சொல்கிறது. அதே சட்டம், பெரிய விலங்குகளுக்கு மாற்றாக எலி, முயல், தவளை முதலியவற்றைக் கொள்ளவும் சொல்கிறது. நம் ஆகமம் உடலின் அளவு கொண்டு உயிரை மதிப்பதில்லை. மீனும் தவளையும் ஐம்பொறி உடைய உயிர்களே.

வினை மூவகையால் வந்து பற்றும்: செய்தல், செய்வித்தல், உடன்படுதல். ஆய்வுக்கூடத்தில் செய்பவரைக் காண்கிறோம். பொருள் கொடுத்துச் செய்விப்பவர் மறைந்திருக்கிறார். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்கீழ் நடைபெறும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில், ஆய்வாளரை அமர்த்தி ஊதியம் அளிப்பவர் திட்டத்திற்கு உரியவரே. அவர் விரும்பாத முடிவு வெளிவருதல் அரிது என ஐயுறுவது குற்றமாகாது. பிரிட்டனில் 2010-இல் வெளியான ‘அரைவ்’ நெறிமுறைகள், விலங்காய்வுக்குப் பொருளளித்தவர் யார், ஆய்வில் அவர் பங்கு யாது என்பவற்றை அறிக்கையிலேயே கூறச் சொல்கின்றன. இது வெறும் கணக்கன்று, வாய்மை விரதம். உயிரைக் கொடுத்துப் பெற்ற முடிவைப் பொருளுக்காகத் திரித்தால், அவ்வுயிர் வீணே மாய்ந்ததாகும். கொலையோடு பொய்யும் சேரும்.

மாற்று வழியும் பிறந்துள்ளது. வேதிப்பொருள்களின் நச்சுத்தன்மையை மீனின் செவுள் உயிரணுக்களைக் கொண்டே அளக்கும் முறையைப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2021-இல் ஏற்றது. இத்தகைய வழி போதுமான இடத்திலும் உயிரையே நாடுவது, அறிந்தே செய்யும் ஹிம்சையன்றி வேறென்ன?

மூன்றாமவர் எஞ்சியுள்ளார்: உடன்படுபவர். மருந்து உண்ணாத இல்லம் நம்மில் இல்லை. எண்ணெயும் உரமும் மின்சாரமும் வேண்டாத இல்லமும் இல்லை. ஆதலின் பிறரைப் பழிப்பதோடு நம் கடன் தீராது. இச்சோதனை வேண்டியதுதானா, மாற்று இல்லையா, செய்வித்தவர் யார் என்று வினவுதல் இல்லறத்தார்க்கு இயலும் நோன்பு. வினவாத வாய் உடன்பட்ட வாயே.