சாவி வாங்கித் தந்த சொல்

"நீங்க எந்த ஆளுங்க?"

மூன்றே சொற்கள். அதற்கு முன் எல்லாம் பேசி முடிந்திருந்தது. வாடகை பேசியாயிற்று; முன்பணம் பேசியாயிற்று; குழாயில் தண்ணீர் எந்த நேரம் வரும், வண்டியை எங்கே நிறுத்துவது, மொட்டைமாடியில் துணி உலர்த்தலாமா என்பது வரை பேசியாயிற்று. சாவி அவர் கையில், பணம் என் கையில். இரண்டும் இடம் மாறப் போகும் அந்த நொடியில், இடையே வந்து நின்றன அந்த மூன்று சொற்கள்!

தோழர்களே, நான் மேடையேறிப் பேசியவன். கல்லூரியில் படித்த மூன்றாண்டும் சாதி ஒழிப்பைப் பற்றிக் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவன். "அந்தக் கேள்விக்கு இங்கே இடமில்லை" என்று முழங்க வேண்டிய நேரம் அது. முழங்கினேனா? இல்லை. வாய் திறந்தவர் என் அன்னை. கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. "அப்படியா! நல்லது, நல்லது" என்றார். சொன்னது அன்னையின் வாய்தான். ஆனால் சாவியை வாங்கியது என் கை.

சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டியதும் வரும் ஊர் திருமழிசை. ஒருபக்கம் செகந்நாதப் பெருமாள் கோயில். மறுபக்கம் சிட்கோ தொழிற்பேட்டை. தெற்கே நடந்தால் செம்பரம்பாக்கம் ஏரி. சுற்றிலும் நேற்றுவரை நெல் விளைந்த மண்ணில் இன்று மனைப்பிரிவுகள். நகரத்தின் வாடகை நம்மைத் துரத்துகிறது. துரத்தப்பட்டவர்கள் இங்கே வந்து மூச்சு விடுகிறோம். ஆசிரியர், தொழிற்பேட்டைத் தொழிலாளி, வாடகைக்கார் ஓட்டுபவர், மருத்துவமனைச் செவிலியர் என எல்லாரும் "கட்டுப்படியாகும்" என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்.

குடிவந்து மூன்று வாரம் கழித்துத்தான் அந்தச் செய்தி தெரிந்தது. எங்கள் பள்ளியில் கணக்கு கற்பிக்கும் நண்பர், என்னைவிடப் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர், என் முகவரியைக் கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். "மாடிப்படி வெளியே இருக்கும், பச்சைக் கதவு, அந்த வீடுதானே தம்பி?" என்றார். எனக்கு ஒரு வாரம் முன்னால் அவர் அங்கே போயிருக்கிறார். அவரிடமும் அதே கேள்வி. அவர் மறைக்கவில்லை. "தங்கை மகன் கலியாணமாகி வருகிறான், அவனுக்கே வேண்டியிருக்கிறது" என்று விடை கிடைத்திருக்கிறது. அந்தத் தங்கை மகன் இன்றுவரை வரவில்லை, வந்தவன் நான்.

நண்பர் திருவள்ளூருக்கும் அப்பாலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறார். காலையில் நான் பத்து நிமிடத்தில் பள்ளிக்கு நடந்துவிடுகிறேன். எனக்கு மிச்சமான நேரம் எங்கே போயிற்று என்று கேட்டால், அவருடைய பயணத்தில் போயிற்று என்பதே விடை. மலிவு, மலிவு என்கிறோமே, அந்த மலிவின் மீதித் தொகையை யார் கட்டுகிறார்கள்? அன்று தொடங்கிய உறுத்தல்தான் இந்தக் கட்டுரை. கேட்டவன் செய்தது தவறு. அதைச் சொல்ல ஒரு கட்டுரை வேண்டாம். விடை சொல்லிப் பயன் பெற்றவன் செய்தது என்ன? அதுதான் என் வினா.

இந்தக் கேள்வி ஏன் வாய்விட்டுக் கேட்கப்படுகிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே சாதிப் பட்டம் ஒட்டிக்கொள்வதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. வேறு பல மாநிலங்களில் பெயரைச் சொன்னாலே போதும், சாதி கூடவே வந்து வாசலில் நிற்கும்; கேட்கத் தேவையே இல்லை. தமிழன் பெயரில் அந்த வால் இல்லை. ஆகவே கேட்பவர் வளைந்து வளைந்து வருகிறார். சொந்த ஊர் எது என்பார். ஊரா, காலனியா என்பார். குலதெய்வம் எது என்பார். கவிச்சி சமைப்பீர்களா என்பார். (காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். ஆவணம் திருந்தும், திண்ணைக்கு அரசாணை போவது எப்போதோ!) எதுவும் பலிக்காதபோது, நாணத்தை விட்டு நேராகவே கேட்கிறார்.

இதை நம் தோல்வி என்று சிலர் பேசுகிறார்கள். நான் அப்படிக் கொள்ளவில்லை. பாதி வெற்றி என்பேன். முன்பு விடை பெயரிலேயே தொங்கியது. இன்று விடை நம் வாயில் இருக்கிறது. தருவதா, மறுப்பதா என்பது நம் கையில் வந்துவிட்டது. அந்த அதிகாரத்தை ஈட்டித் தந்தவர்கள் நம் பாட்டன்மார். அதை ஒரு சாவிக்கு விற்றவன் பேரன்.

வீட்டுக்காரரின் பக்கத்தையும் கேட்டுவிடுவோம். அவர் கொடியவர் அல்லர். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம் முழுவதையும் செங்கல்லாக்கியவர். என் அன்னைக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொடுத்தனுப்பியவர். "என் வீடு, யாருக்கு விடுவது என்பது என் விருப்பம்" என்பது அவர் கட்சி. விருப்பம் சரிதான். வாடகை ஒழுங்காகத் தருவாரா, சுவரைப் பாழாக்குவாரா, இரவில் கூச்சல் போடுவாரா — கேட்கட்டும். அவையெல்லாம் ஒருவன் நடத்தையைப் பற்றியவை. நடந்துகொள்ளும் விதத்தால் அவன் அவற்றுக்கு விடையளிக்க முடியும். பிறப்பு நடத்தையா? எவ்வளவு நல்லவனாக நடந்தாலும் மாற்றிக்கொள்ள முடியாத ஒன்றைக் கேட்பது, விடையை முன்பே எழுதிவைத்துக்கொண்டு தேர்வு நடத்துவதாகும். ஆசிரியனுக்குத் தெரியாதா அந்த மோசடி?

அன்றியும், அந்த வீட்டுக்கு அடித்தளம் தோண்டியவன் சாதியை அவர் கேட்டாரா? செங்கல் அடுக்கியவனை? கழிநீர்த் தொட்டியைத் தூர்வாருபவனை? 2020 மே மாதம், கோயம்பேட்டுச் சந்தையில் நோய் பரவியபோது நகரம் தன் காய்கறிச் சந்தையையே தூக்கிக்கொண்டு வந்து திருமழிசையில் வைத்தது. செப்டம்பர் இறுதிவரை, மழையிலும் சேற்றிலும், மூட்டை சுமந்தவர்களின் தோள்வழியாகத்தான் சென்னையின் அடுப்புகள் எரிந்தன. அந்தத் தோள்களை எந்த ஆளு என்று எவரும் விசாரிக்கவில்லை. சுமக்கும்போது எழாத கேள்வி, குடியிருக்க வரும்போது மட்டும் எழுகிறது!

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. அரசமைப்பின் 17 ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955 ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம், எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்கிறது. ஆனால் வீட்டுக்காரர் காரணம் சொல்லித் தடுப்பதில்லையே! தங்கை மகன் வருகிறான் என்கிறார். வராத மருமகனை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது?

மலிவான புறநகர் என்பதே மனிதனைத் திருத்திவிடும் என்று நம்பியவர்கள் உலகில் பலர். அமெரிக்காவில், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கென்று 1947 இல் நியூயார்க்குக்கு அருகே லெவிட்டவுன் என்ற குடியிருப்பை எழுப்பத் தொடங்கினார்கள். உழைப்பாளிக்கும் எட்டும் விலை. ஆலையில் பொருள் செய்வதுபோல வரிசை வரிசையாக வீடுகள். உலகமே வியந்தது. அந்த வீடுகளின் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: வெள்ளையரல்லாதார் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்கு வந்து தங்குவோர் நீங்கலாக! அதே போரில் குண்டடிபட்ட கறுப்பு வீரனுக்கு அங்கே இடமில்லை. அத்தகைய ஒப்பந்த விதிகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்று 1948 இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, கதவு திறந்ததா? 1957 இல் பென்சில்வேனியாவில் இருந்த இன்னொரு லெவிட்டவுனில் மையர்சு என்னும் கறுப்பினக் குடும்பம் ஒன்று வீடு வாங்கிக் குடியேறியது. நாள்தோறும் கூட்டம் திரண்டது, கல்லெறிந்தது. ஆனால் அண்டை அயலில் சிலர் அந்தக் குடும்பத்தின் பக்கம் நின்றதும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம் பார்க்கக் கூடாது என்ற சட்டம் 1968 ஏப்ரலில் வந்தது — மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில்.

நம் பக்கத்திலேயே வேறு வகை முயற்சி ஒன்று உண்டு. திருமழிசைக்கு அண்டையில் உள்ள குத்தம்பாக்கத்தில், 1996 இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ, இரட்டை வீடுகளைக் கட்டுவித்தார். நடுவே ஒரே சுவர். சுவருக்கு இப்பால் ஆதிதிராவிடர் குடும்பம், அப்பால் வேறு சாதிக் குடும்பம். கலைஞர் ஆட்சி அந்நாளில் தொடங்கிய பெரியார் நினைவுச் சமத்துவபுரங்களில் நூறு வீட்டுக்கு நாற்பது ஆதிதிராவிடர்க்கும், இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டோர்க்கும், இருபத்தைந்து மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கும், பத்து ஏனையோர்க்கும் என்று கணக்கு. அங்கே சாதி கேட்கப்படுகிறது, உண்மை; வெளியே நிறுத்துவதற்கன்று, உள்ளே அமர்த்துவதற்கு. கத்தி ஒன்றுதான், அறுவை மருத்துவர் கையிலிருப்பதும் வழிப்பறிக்காரன் கையிலிருப்பதும் ஒன்றாகுமா? ஆயினும், அரசு கட்டும் வீட்டில் இது முடிந்தது. மனைப்பிரிவில் ஓய்வூதியர் கட்டிய மாடிவீட்டில் எவர் கணக்குப் போடுவது?

அங்கேதான் என் அன்னையின் விடைக்கு நான் திரும்ப வேண்டியிருக்கிறது.

இந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஆழ்வாரின் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். முனிவருக்கும் தேவமங்கைக்கும் பிறந்து, பிரம்புத் தூற்றில் விடப்பட்டு, பிரம்பறுப்பவன் ஒருவனால் வளர்க்கப்பட்டாராம். (பிறப்பை மேலே வைத்து வளர்ப்பைக் கீழே வைத்த கைத்திறனைக் கவனியுங்கள்!) பெரும்புலியூரில் ஒரு திண்ணையில் அவர் அமர்ந்தபோது, வேதம் ஓதியவர்கள் இவன் தாழ்ந்தவன் என்று ஓதுவதை நிறுத்திவிட்டார்களாம். திண்ணைக் கேள்வி அத்தனை பழையது. கதையில் அடுத்து வரும் அற்புதம் நமக்கு வேண்டாம். வேறொரு பகுதியைப் பாருங்கள். காஞ்சியில் அவருடைய மாணவன் கணிகண்ணனை மன்னன் நாடு கடத்துகிறான். ஆழ்வாரும் உடன் கிளம்புகிறார். பெருமாளையும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வரச் சொல்கிறார். பெருமாளும் எழுந்து நடக்கிறாராம்! கற்சிலை நடக்காது என்பது நமக்குத் தெரியும். கதை கட்டியவனுக்கோ இன்னொன்று தெரிந்திருக்கிறது: தோழன் வெளியேற்றப்பட்ட ஊரில், தனக்கு இடமிருந்தும் தங்காதிருப்பது. கதையில் வரும் கடவுளுக்குத் தெரிந்தது கடவுள் மறுப்பாளனான எனக்குத் தெரியவில்லையே!

"நீ காலி செய்தால் அந்த வீடு அவருக்குக் கிடைத்துவிடுமா?" என்கிறார் அன்னை. கிடைக்காது. இன்னொரு நல்ல 'ஆளு' வருவார். அன்னையின் வாதத்தில் ஓட்டை இல்லை. ஆயினும் நான் வேறொன்றை எண்ணுகிறேன். அந்தக் கேள்விக்கு வலிமை எங்கிருந்து வருகிறது? கேட்பவரிடமிருந்தன்று. விடை சொல்லிப் பயன் பெறக்கூடியவர்கள் எல்லாரும் ஓடோடிச் சொல்லிவிடுவதால், சொல்லாதவன் யாரென்று தெரிந்துவிடுகிறது. என் போன்றோரின் பேச்சுதான் என் நண்பரின் மௌனத்தைக் காட்டிக்கொடுக்கிறது. சொன்னால் சாவி கிடைக்கும் என்று தெரிந்தவர்களில் பாதிப்பேர் வாய் மூடினாலே போதும். மௌனம் எதையும் உணர்த்தாது, கேள்வி செத்துப்போகும். பொய் சொல்லலாமே என்றார் ஒரு தோழர். பொய்யும் விடைதான், கேள்விக்கு மரியாதை செய்வதுதான். வாய்மூடுவது ஒன்றே அதைப் பட்டினி போடும்.

எளிதா? இல்லை. கைக்குழந்தையோடு வெயிலில் அலையும் குடும்பத்தை நோக்கி, வாய்மூடி நில் என்று சொல்ல எனக்கு நெஞ்சுரமில்லை. எனக்குக் குழந்தையில்லை, சம்பளம் இருக்கிறது, சில மாதம் அலைய முடியும். அலைய முடிந்தவனே முதலில் மறுக்க வேண்டும் என்று மட்டும் எனக்குள் கணக்குப் போட்டேன்.

பதினொரு மாத ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. வீட்டுக்காரரிடம் காரணத்தையும் சொல்லியே விடைபெற்றேன். அவர் உண்மையிலேயே திகைத்தார். "உங்களை நாங்க ஒண்ணும் சொல்லலையே, சார்?" என்று இரண்டு முறை கேட்டார். மறுநாள் காலை வாசலில் பலகை தொங்கியது.

இதுவரை இரண்டு வீடு பார்த்தோம். இரண்டிலும் கேட்டார்கள். அன்னை என் முகத்தைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார், சொல்லவில்லை. இரண்டு கதவும் சாத்தப்பட்டன. ஆசிரியர் அறையில் இதை நண்பரிடம் சொன்னபோது, என் குரலில் கொஞ்சம் பெருமிதமும் நிறையக் களைப்பும் இருந்திருக்க வேண்டும். தேர்வுத்தாளிலிருந்து தலை நிமிராமலே அவர் சொன்னார்:

"ரெண்டுதானே தம்பி ஆச்சு? எனக்குப் பதினாலு."