சிரித்தாளா, இல்லையா?

அந்தக் காலத்து ராஜா மாறுவேடத்தில் நகர்வலம் போனது, தன் ஆட்சி எப்படி நடக்கிறது என்று பார்க்க. இப்போது பர்கர் கடைக்கு மாறுவேடத்தில் வருகிறவர், கல்லாவில் நிற்கிற பெண்ணைப் பார்க்க வருகிறார். 'மிஸ்டரி ஷாப்பர்' என்று பெயர். அமெரிக்காவில் 1940-களிலேயே உண்டு இந்தப் பிழைப்பு. ஆர்டர் கொடுத்து எத்தனை நிமிஷம், பர்கர் சூடா, வறுவல் நமத்துப்போச்சா, அந்தப் பெண் சிரித்தாளா? வெளியே வந்து படிவம் நிரப்பணும். கூலி? சாப்பிட்ட காசு, மேலே கொஞ்சம் சில்லறை. பஸ் செலவு போனால் பர்கர்தான் மிச்சம்!

வறுவல் நமத்திருந்தால் எழுதட்டும், தப்பில்லை. சிரிப்பு?

அதற்கு விலையே உண்டு. பிரிட்டனில் 'ப்ரெட் அ மாஞ்சே' சாண்ட்விச் கடைகளில் ரகசிய ஆள் திருப்தியானால், ஊழியர்கள் எல்லோருக்கும் மணிக்கு 1 பவுண்டு கூடுதலாகக் கொடுத்து வந்தார்கள். 2021-ல் அதைப் பாதியாக்கப் பார்த்தது நிர்வாகம். வேலைநிறுத்தப் பேச்சு கிளம்பியதும் பின்வாங்கியது.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்த அரை மணியில் ஒரு பெண் கவுன்ட்டரில் நிற்கிறாள் என்று வையுங்கள். எப்படிச் சிரிப்பாள்? படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. 'இல்லை' என்று குறித்தால் பக்கத்தில் நிற்கிறவர்கள் காசிலும் கை வைத்ததாகும். 'ஆமாம்' என்றால் பொய்.

நானாக இருந்தால் 'ஆமாம்' என்றுதான் குறிப்பேன். வறுவலைப் பற்றி மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதுவேன்.