கேட்கும் தவம்

திருச்செந்தூர்ப் பிரகாரத்தில், பன்னீர் இலை விபூதியோடு உட்கார்ந்திருந்தேன். மடியில் ஏழு மாதப் பேத்தி. "முருகா" என்றேன். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள். 'மு'வுக்கு உதடு குவிவதையும் 'கா'வுக்கு விரிவதையும் இமை கொட்டாமல் பார்த்தாள். மறுபடி சொன்னேன். அவளுடைய குட்டி உதடும் குவிந்தது. சத்தம் வரவில்லை. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

நாலு மாதத்தில் கண்ணையே பார்க்கிற பிள்ளை எட்டு மாதத்தையொட்டி வாயைப் பார்க்கும் என்று படித்திருக்கிறேன். அந்தப் பார்வையில் நானே அகப்பட்டது அன்றுதான்.

ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரரை இந்தச் சந்நிதியில்தான் கொண்டுவந்து கிடத்தினார்கள், வேலவன் நாவைத் திறந்தான் என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். பேசாத அந்த ஐந்து வருஷமும் அவர் கேட்டுக்கொண்டல்லவா இருந்திருப்பார்! செந்திலாண்டவா, நீ முதலில் குடியேறுவது காதில்தானா?

கருவிலேயே தொடங்கிவிடுகிறது அந்தக் கேட்டல். பிறந்து மூன்று நாளுக்குள் சிசு தன் தாயின் குரலைத் தேடிக் கேட்கும் என்று டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற ஆய்வாளர்கள் 1980இல் காட்டினார்கள். மசக்கையிலும் விடாமல் விளக்கேற்றிக் கவசம் சொன்னவள் என் மகள். இப்போதும் அவள் அதைத் தொடங்கினால் பிள்ளையின் அழுகை அடங்குகிறது.

இந்தப் பிஞ்சு மூளையில் நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் புது இணைப்புகள் முளைக்கின்றனவாம். புழங்குவது உரம் பெறும், புழங்காதது உதிரும். ஆங்கிலம் மட்டும் பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஆறேழு மாதத்தில் இந்தியின் த, ட இரண்டையும் பிரித்துக் கேட்டன. ஒரு வயதை நெருங்கியபோது அது பெரும்பாலும் மங்கிவிட்டது. வெர்க்கர், டீஸ் என்ற ஆய்வாளர்கள் 1984இல் எழுதியது இது. இழப்பு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலகத்துப் பேச்சுக்கெல்லாம் காதைத் திறந்து அனுப்புகிறான் முருகன்; எந்தப் பேச்சில் குடியிருப்பது என்பதை மட்டும் தாயின் வாய்க்கு விட்டுவிடுகிறான். எவ்வளவு நம்பிக்கை எங்கள்மேல்! நினைக்க நினைக்கக் கண் நிறைந்தது. விபூதியை எடுத்து அவள் நெற்றியில் இட்டேன். விரல் நடுங்கியது.

"த்த... த்த..." என்றாள்.

"ஆமாடி தங்கம், சொல்லு" என்றேன். "த்த" என்று பதில் வந்தது. வெளியே கடல். எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தோம் என்று தெரியாது.

"யம்மா, எந்திரி. நடை சாத்தப் போறாவ" என்று மகள் வந்து நின்றாள். பேத்தி சட்டென்று திரும்பித் தன் அம்மாவின் வாயைப் பார்த்தாள்.