பக்கத்தில் நிற்பவர்



போன ஞாயிறு காலை, ஜொகூர் பாசிர் கூடாங்கில் எங்கள் தாமான் திடலில் பையன்களின் காற்பந்து ஆட்டம். வலப்பக்கத் தற்காப்பில் புதிதாக ஒரு பையன் நின்றான். 15 வயதிருக்கும். எதிரணியில் இடது ஓரமாக ஓடுகிறவனுக்கு நல்ல வேகம். பத்து நிமிடத்துக்குள் மூன்று முறை இவனைத் தாண்டிப் போய்விட்டான். மூன்றாவது முறை பந்து வலைக்குள்.

வேலியோரம் நின்ற பெரியவர்கள் நாங்கள்தான் முதலில் வாய் திறந்தோம். "அந்தப் பையன வெளிய எடுங்க சார்!" நானும் சொன்னேன். அவன் காதில் விழுந்துவிட்டது. திரும்பிப் பார்த்தான். ஜெர்சியின் கையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அந்தப் பார்வை இன்னும் என்னை உறுத்துகிறது.

அப்போது நடுத் தற்காப்பில் நின்ற மூத்த பையன் அவனிடம் நடந்து வந்தான். கத்தவில்லை, கையை வீசவில்லை. "உள்ள வெட்ட விடாத தம்பி. ஓரத்துக்கே தள்ளு. உன்னத் தாண்டினா நான் இருக்கேன்" என்றான். சொல்லிவிட்டு, முன்பு நின்ற இடத்திலிருந்து நாலைந்து எட்டு அவன் பக்கமாக நகர்ந்து நின்றான். அந்த நாலைந்து எட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மூன்று முறையும் அந்தப் புதியவன் தனியாகவே நின்றிருக்கிறான். வேலியோரத்தில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை.

வேறு ஆட்டங்களிலும் இதே கதைதான். அமெரிக்கக் காற்பந்தில் ஐந்து பெரிய உடல்காரர்கள் முன்வரிசையில் நிற்பார்கள். பந்தை எறிகிற ஆட்டக்காரரை எதிரிகள் நெருங்காமல் மறிப்பது அவர்களின் முக்கிய வேலை. பந்தோடு ஓடுகிற வாய்ப்பு அவர்களுக்கு அபூர்வம். நூறு முறை சரியாக மறித்தால் யாருக்கும் பெயர் தெரியாது. முதல் ஆண்டு ஆடுகிற ஒருவர் ஒரு முறை சறுக்கிவிட்டால் அரங்கமே அவரைப் பார்க்கும். பக்கத்தில் நின்றவர் உதவிக்கு நகர்ந்தாரா, பின்னால் நின்றவர் பந்தை நேரத்தோடு விட்டாரா என்று பார்க்கிறவர்கள் குறைவு.

இப்படி ஓர் இரவை மலேசியர்கள் நாமும் பார்த்திருக்கிறோம். 2010, டிசம்பர் 1. ஜாகர்த்தா கெலோரா புங் கார்னோ அரங்கம். தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தில் நம் தேசிய அணி ஹரிமாவ் மலாயாவின் முதல் ஆட்டம், இந்தோனேசியாவோடு. பயிற்றுநர் நம்மவர், கே. ராஜகோபால். முந்தைய ஆண்டு லாவோஸில் இளையோர் அணியை வைத்து சீ விளையாட்டுக் காற்பந்துத் தங்கத்தை 20 ஆண்டுகளுக்குப் பிறகு மீட்டுத் தந்தவர். அந்த இளையவர்களை நம்பித்தான் ஜாகர்த்தாவுக்கும் போனார். முதல் கோல் நமக்குத்தான், நொர்ஷாருல் அடித்தார். நான்கே நிமிடத்தில் நம் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் மீது பட்டுப் பந்து நம் வலைக்குள்ளேயே போனது. அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அன்று எல்லாரும் போதுமான அளவு சொல்லிவிட்டார்கள். முடிவு 5–1, இந்தோனேசியாவுக்கு.

அதே குழுவை வைத்துக்கொண்டுதான் ராஜகோபால் அடுத்த ஆட்டங்களுக்குப் போனார். கோல்காவலர் கைருல் ஃபாமிக்கு அப்போது 21 வயது. தற்காப்பின் நடுவே நின்ற ஃபட்லி ஷாஸுக்கு 19. பிற்பாடு பல ஆண்டுகள் நம் ஜொகூர் ஜெர்சியை அணிந்தாரே, அவரேதான். தாய்லாந்தோடு கோல் எதுவும் விடவில்லை. வியட்நாமோடு இரண்டு அரையிறுதி ஆட்டங்களிலும் விடவில்லை. முதல் ஆட்டத்தில் மட்டும் ஐந்து கோல் வாங்கிய அணி, அதற்குப் பிந்திய ஆறு ஆட்டங்களில் மொத்தமாக வாங்கியது மூன்றுதான். தனியொருவர் மாயம் செய்து இது நடக்காது. முன்வரிசையில் சஃபீ சாலி கோல் அடித்தார், உண்மை. அவருக்குப் பின்னால் நாலு பேர் ஒருவருக்கொருவர் இடைவெளி பார்த்து நின்றதையும் நான் அதே அளவு மதிக்கிறேன்.

இறுதியாட்டத்தின் முதல் பாகத்தில், புக்கிட் ஜாலிலில், இந்தோனேசியாவை 3–0 என்று வென்றோம். பிறகு டிசம்பர் 29, இறுதியாட்டத்தின் இரண்டாம் பாகம். அதே ஜாகர்த்தா அரங்கம், ஐந்து கோல் வாங்கி 28 நாள்தான் ஆகியிருந்தது. முதல் பாதியில் இந்தோனேசியாவுக்குப் பெனால்டி கிடைத்தது. கைருல் ஃபாமி தடுத்துவிட்டார். 2–1 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் 4–2, கிண்ணம் முதல் முறையாக நம் கைக்கு வந்தது. அதற்காக டிசம்பர் 31 பொது விடுமுறை விட்டார்கள். உங்களில் பலருக்கு அந்த நாள் நினைவிருக்கும்.

இந்த நேரத்தில் துறைமுகத்துக்கும் எண்ணெய் ஆலைக்கும் காலை ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் லைனிலும் இந்த மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியோ தங்கையோ இருக்கலாம். நேற்று ஏதோ ஒன்றைத் தவறவிட்டிருக்கலாம். திட்டுவதற்கு முன்னால், அவருக்கும் உங்களுக்கும் நடுவில் எத்தனை எட்டு இருந்தது என்று ஒரு தரம் பாருங்களேன்.

ஞாயிறு ஆட்டத்தில் எங்கள் பையன்கள் 2–1 என்று தோற்றார்கள். இரண்டாம் பாதியில் வலப்பக்கமாக ஒரு கோலும் வரவில்லை. ஆட்டம் முடிந்து அந்தப் புதியவன் புல்லில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் போய், "கத்தினது என் தப்பு தம்பி" என்றேன். தலையாட்டினான். மூத்தவன் ஒரு பாக்கெட் ஐஸ் மைலோவை அவன் கையில் கொடுத்து, "புதன்கிழமை அரை மணி முன்னாடியே வா. நம்ம ரெண்டு பேரும் மட்டும் பழகலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.