யாழுக்கு ஒரு பலகை



எங்கள் ஞாயிறு தேவார வகுப்பில் ஒரு தங்கை இருக்கிறாள். வயது 15. வீடு கோலாலம்பூரில் ஒரு பி.பி.ஆர். அடுக்குமாடியில். எப்பவும் கடைசி வரிசைதான். அவள் பாடினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. "வாயைத் திறந்து பாடும்மா, சாமிக்குக் கேட்க வேண்டாமா?" என்று பலமுறை அதட்டியிருக்கிறேன். திருமுறைப் போட்டிக்குப் பெயர் எழுதியபோது அவள் பெயரை விட்டுவிட்டேன்.

ஒருநாள் நல்ல மழை. அவளை வீட்டில் விடப் போனேன். லிஃப்ட் ஓடவில்லை, படியேறினோம். ஒன்பதாவது மாடி வளைவில் நின்று, "அக்கா, நான் இங்கதான் பாடிப் பார்ப்பேன்" என்றாள்.

"ஏன், வீட்ல பாடக் கூடாதா?"

"அம்மாவுக்கு நைட் ஷிப்ட். பகல்ல தூங்குவாங்க. தம்பிங்க ரெண்டு பேர் படிக்கணும். அதான் மெதுவாவே பாடிப் பழகிட்டேன். அடுத்த மாசம் வகுப்பை விட்டு நின்னுடலாம்னு இருந்தேன் அக்கா."

எனக்குச் சுருக்கென்றது. "இப்போ ஒண்ணு பாடேன்" என்றேன். தனக்கு வந்த சுருதியில், தாழ்ந்த குரலில் பாடினாள். அந்தக் குரல் படிக்கட்டு முழுக்க நிறைந்தது. அப்போதுதான் புரிந்தது. வகுப்பில் நான் எப்பவும் என் குரலுக்கு ஏற்ற ஐந்து கட்டையில் சுருதி வைப்பேன். அவளுக்கு வருவது அதைவிடத் தாழ்ந்த சுருதி. குறை அவள் குரலில் இல்லை. நான் வைத்த சுருதியில் அவளுக்கு இடமில்லை.

பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணரைப் படித்திருப்பீர்கள். 63 நாயன்மார்களில் ஒருவர். மனைவி மதங்கசூளாமணியாரும் சிறந்த பாடகி. மதுரை ஆலவாய்க் கோயில் வாசலில் நின்று அவர் யாழ் வாசித்துப் பாடினார். சிவபெருமான் தொண்டர்களின் கனவில் வந்து, அவரை உள்ளே அழைத்து வரச் செய்தார். அதோடு விடவில்லை. தரையின் ஈரம் பட்டால் யாழின் கட்டுத் தளர்ந்துவிடும், பலகை இடுங்கள் என்று வானில் ஒரு குரல் எழுந்தது. பலகை வந்தது.

கவனியுங்கள். "பக்தி இருந்தால் போதும், ஈரத்தில் உட்கார்ந்து பாடு" என்று ஆண்டவன் சொல்லவில்லை. பாட்டைக் கேட்டவன் தரையையும் பார்த்தான். கஷ்டப்பட்டால்தான் கலை வரும் என்று சிலர் சொல்வாங்க. ஈரம் யாழை வளர்க்காது, தம்பி; கெடுக்கும். திறமை இறைவன் தருவது. பலகை போடும் வேலையை அவன் தொண்டர்களிடம்தானே கொடுத்தான்?

கோயில் தலைவரிடம் பேசினோம். செவ்வாய், வியாழன் மாலையில் ஒரு மணி நேரம் மண்டபத்தைத் திறந்து தருகிறார்கள். அவள் பாடுவாள், தம்பிகள் மூலையில் வீட்டுப்பாடம் செய்வார்கள். போன மாதம் வெள்ளிக்கிழமை பூஜையில், தனக்கு ஏற்ற சுருதியில், தனியாகப் பாடினாள். அன்று லீவு போட்டுவிட்டு வந்த அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். வீட்டு நிலைமை மாறவில்லை. லிஃப்ட்டும் அடிக்கடி நிற்கிறது. ஆனால் அவள் வகுப்பை விட்டு நிற்கவில்லை.

தங்கைகளே, அடுத்தவர் சுருதியில் பாடித் தோற்றுவிட்டு, "எனக்குக் குரலே இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் சுருதியைத் தேடுங்கள். வகுப்பு நடத்தும் அண்ணன், அக்காமாரே, இந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசைக்குப் போய் உட்காருங்கள். அங்கே தரை ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

திருச்சிற்றம்பலம்.