ஓய்வும் ஓர் அமானிதமே!

 

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் மலேசியாவில் வாழும் நம் மக்கள் பலர் குடும்பத்துடன் கடற்கரைக்குப் புறப்படுகின்றனர். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு செல்வோர் தீவின் வடகரையிலுள்ள பத்து பெரிங்கியையும் தஞ்சோங் பூங்காவையும் நாடுகின்றனர். அங்கே இருவகைத் தங்குமிடங்கள் உண்டு. ஒன்று, சாப்பாடு, நீச்சல் குளம், பணியாட்கள் என்று சகலமும் கொண்ட உல்லாச விடுதி. மற்றொன்று, கடலைப் பார்த்து நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் சமையலறையுடன் கூடிய வீடொன்றைச் சில நாட்களுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்வது. "ஹஜ்ரத், இவ்விரண்டில் மார்க்கத்துக்கு உகந்தது எது?" என்று நம்மிடம் கேட்போர் உண்டு.

விடுதியில் தங்குவதே கூடாது என்று எவரும் சொல்லிவிட முடியாது. பிறர் வீட்டில் அனுமதியின்றி நுழையக்கூடாது என்று கட்டளையிட்ட அல்லாஹு தஆலா, அதே சூரத்துந் நூரின் 29ஆம் வசனத்தில், எவரும் குடியிராத, நமக்குப் பயனுள்ள பொருள் இருக்கும் இடங்களில் நுழைவது குற்றமில்லை என்று சலுகையும் அளித்தான். இதற்கு வழிப்போக்கர் தங்கும் சத்திரங்களைத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் உதாரணமாகக் காட்டியுள்ளனர்.

ஆயினும் பேணுதலுள்ள குடும்பத்துக்கு வீடே எளிது. மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாமென்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பல உல்லாச விடுதிகளின் உணவுக்கூடத்தில் அந்தச் சோதனை பக்கத்து மேசையிலேயே காத்திருக்கிறது. 'பன்றி இறைச்சி இல்லை' என்னும் பலகையைப் பார்த்தே சிலர் திருப்தியடைந்து விடுகின்றனர். அது ஹலாலுக்குச் சான்றாகாது. ஜாக்கிமின் ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை. வீடாயிருந்தால் நம் பாத்திரம், நம் சமையல், பெண்களுக்குப் பர்தா, ஐவேளையும் குடும்பத்தோடு ஜமாஅத் என்று எல்லாம் நம் கையில் இருக்கின்றன.

இவ்வளவும் சொல்லி, வீடு எடுத்தவரெல்லாம் தக்வாதாரி என்று முடித்துவிடலாமா? முடியாது, அன்பர்களே! நாமே பட்ட அனுபவத்தைச் சொல்கிறோம்.

இரண்டாண்டுகளுக்கு முன் நாமும் நம் வீட்டாரும் பத்து பெரிங்கியில் அப்படியொரு வீட்டில் மூன்று இரவுகள் தங்கினோம். ஃபஜ்ரு தொழுதபின் மாடத்தில் அமர்ந்து அலையோசையைக் கேட்டபடி தஸ்பீஹ் ஓதினோம். உள்ளம் குளிர்ந்தது. இதுவன்றோ ஓய்வு என்று மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் காலையில் நம் சிறு மகள் அடுப்படியில் நின்று கேட்டாள்: "உம்மா, நீங்க இன்னும் கடலுக்கே வரலையே?"

நமக்குச் சுருக்கென்றது. காலைப் பசியாறல், பகல் சோறு, இரவுச் சாப்பாடு, துவைப்பு, பாத்திரம் கழுவுதல் என்று எல்லாம் நம் இல்லத்தாள் மீதே விழுந்திருந்தன. வீட்டில் செய்த வேலையையே அவர் கடலோரத்துக்கு வந்தும் செய்துகொண்டிருந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னதை நாம் எத்தனை முறை மிம்பரில் ஓதியிருப்போம்! அன்று பாத்திரங்களை நாம் கழுவினோம். பகலுக்கு நாசி கண்டார் வாங்கி வந்தோம். காவடிபோல் தோளில் சுமந்து நம் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய வியாபாரமல்லவா அது! அன்று அஸருக்குப்பின் அவர் மக்களோடு கடலோரம் நடந்தார்.

இன்னொன்றும் நடந்தது. இரண்டாம் இரவு பிள்ளைகள் கூடத்தில் ஓடி விளையாடினர். பத்து மணிக்குமேல் கீழ்வீட்டுச் சீனப் பெரியவர் வந்து கதவைத் தட்டினார். அவர் கோபிக்கவில்லை. மனைவி நோயாளி, தூக்கமில்லை என்று மட்டும் சொன்னார். நாம் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டோம்.

விடுதியில் இருப்போரெல்லாம் விருந்தாளிகள். குடியிருப்பில் நாம் ஒருவரே விருந்தாளி. சுற்றிலும் இருப்போர் அங்கேயே வாழ்பவர்கள். எவருடைய தீங்கிலிருந்து அண்டைவீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ அவர் ஈமான் கொண்டவரல்லர் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். மூன்று நாள் அண்டைவீட்டாருக்கு இந்தச் சட்டம் இல்லையா? சூரத்துந் நிஸாவின் 36ஆம் வசனத்தில் அல்லாஹ், உறவினரான அண்டைவீட்டார், அந்நியரான அண்டைவீட்டார், பக்கத்திலிருக்கும் தோழர் ஆகிய அனைவருக்கும் நன்மை செய்யப் பணிக்கிறான். அந்தத் தோழர் என்பதற்குப் பயணத் துணைவர் என்றும் மனைவி என்றும் முஃபஸ்ஸிர்கள் பொருள் கூறியுள்ளனர். கீழ்வீட்டுப் பெரியவரையும் அடுப்படியில் நின்றவரையும் ஒரே வசனம் சேர்த்தே பிடித்துவிட்டது!

வாடகை பேசுமுன் இன்னொன்றையும் விசாரியுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும் போதாது. அந்தக் குடியிருப்பு நிர்வாகம் குறுகியகால வாடகையை அனுமதித்துள்ளதா? அதைத் தடுக்க நிர்வாகக் கழகத்துக்கு அதிகாரமுண்டு என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2020ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருக்கிறது. காவலரிடம் 'சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தோம்' என்று பொய் சொல்லி நுழையும் வீட்டில் பரக்கத் எங்கிருந்து வரும்?

தொழுகை பற்றி: மலேசிய விடுதி அறைகளில் பெரும்பாலும் கூரையில் கிப்லா அம்புக்குறி இருக்கும், வாடகை வீட்டில் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். பினாங்கில் கிப்லா மேற்கிலிருந்து சுமார் 22 டிகிரி வடக்கே சாய்ந்தது. கோலாலம்பூரிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர் தூரமாதலால் கஸ்ருக்கு இடமுண்டு. போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்க நிய்யத் வைத்தால் ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ரு இல்லை. ஹனஃபி மத்ஹபில் அந்த வரம்பு பதினைந்து நாட்கள். சலுகை இருக்கிறதென்று பள்ளிவாசலை மறந்துவிடாதீர்கள். தஞ்சோங் பூங்காவில் கடல்மீது தூண்களில் நிற்கும் பள்ளிவாசலும், ஜார்ஜ் டவுனில் நம் முன்னோர் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் உங்களை அழைக்கின்றன.

எனவே, எந்த இடம் என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். அங்கே யார் ஓய்கிறார்கள், யார் உழைக்கிறார்கள், யார் தூக்கம் கெடுகிறது என்றும் கேளுங்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது வீடு வந்தபோதிருந்தபடி இருக்கட்டும். அண்டைவீட்டார் 'நல்ல மனிதர்கள்' என்று சொல்லட்டும். ஓய்வும் அல்லாஹ் தந்த அமானிதமே, அதற்கும் கணக்குண்டு.

நம் பயணங்களையும் தங்கல்களையும் தன் பொருத்தத்துக்கு உரியவையாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.