பராமரிப்பும் ஓர் இபாதத்: பிறவிக் குறையுடன் வந்த அமானிதங்கள்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ முடிந்து நான் வெளியே வந்தபோது, ஒரு தாய் தன் ஆறு வயது மகனைத் தோளில் சுமந்தபடி வாசலில் நின்றார். பையனுக்கு மூளை முடக்குவாதம். கழுத்து நிற்காது, பேச்சு வராது, அடிக்கடி வலிப்பும் வரும். “ஓதிப் பாருங்க ஹஜ்ரத்” என்றார். ஓதி ஊதினேன். “ஸபூராக இருங்கம்மா, அல்லாஹ் கூலி தருவான்” என்றேன். அந்தத் தாய் சொன்னார்: “ஸபூராத்தான் ஹஜ்ரத் இருக்கேன். ராத்திரி யாராவது நாலு மணி நேரம் இவனைப் பார்த்துக்கிட்டா, நான் கொஞ்சம் தூங்குவேன்.”

என்னிடம் பதில் இல்லை. ஏழு ஆண்டு மத்ரஸாவில் ஓதியவன், பொறுமையைப் பற்றி மணிக்கணக்கில் பயான் செய்பவன், வாய் மூடி நின்றேன். அவர் கேட்டது உபதேசம் அல்ல, உதவி. இன்றைய குத்பா அந்தத் தாய்க்கு நான் தர வேண்டிய பதில்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். இத்தகைய குழந்தை பிறந்தால் நம் வீடுகளில் முதல் கேள்வி தாயை நோக்கித்தான் பாய்கிறது. “கிரகணத்தில் வெளியே போனாயா? கத்தியை எடுத்தாயா?” என்று கேட்கிறார்கள். உதடு பிளந்து பிறந்த குழந்தைக்குக் கிரகணத்தின் மேல் பழி போடும் பழக்கம் இன்னும் சாகவில்லை. நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் (ரலி) வஃபாத்தான நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மகனின் மரணத்தால்தான் கிரகணம் என்று மக்கள் பேசினார்கள். மகனை இழந்த துக்கத்திலும் நபியவர்கள் அந்த எண்ணத்தை உடனே மறுத்தார்கள்: சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை. இதைக் கேட்ட உம்மத்தில் ஒரு தாய் கிரகணத்தைச் சொல்லி ஏசப்படலாமா?

ஒரு பெண்மணி தனக்கு வலிப்பு வருகிறது, அப்போது ஆடை விலகிவிடுகிறது, துஆ செய்யுங்கள் என்று நபியவர்களிடம் முறையிட்டார். பொறுத்தால் சொர்க்கம், விரும்பினால் சுகம் வேண்டி துஆ செய்கிறேன் என்றார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆ கேட்டார். நபியவர்கள் துஆ செய்தார்கள். புகாரியில் வரும் இந்த ஹதீஸில் “என்ன பாவம் செய்தாய்?” என்ற கேள்வியே இல்லை. அந்தப் பெண்ணின் மானம் காக்கும் அக்கறைதான் இருக்கிறது.

சகோதரர்களே! அகழ் யுத்தத்தில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் போடப்பட்டது. அங்கே காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தவர் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி. தொழுகை நடக்கும் இடத்தின் அருகிலேயே நோயாளியின் படுக்கையும் இருந்தது. நபியவர்கள் பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டே தொழுதார்கள். ஸுஜூதில் இறக்கினார்கள், நிற்கும்போது தூக்கிக்கொண்டார்கள். குழந்தையைச் சுமப்பது அவர்களுடைய வணக்கத்துக்கு இடையூறாக இருக்கவில்லை.

அந்த வாரமே என் மனைவியை அந்த வீட்டுக்கு அனுப்பினேன். அந்தத் தாயே ஆசிரியராக இருந்து சொல்லிக் கொடுத்தார். அவருக்கு மருத்துவமனையில் நர்ஸுகளும் பிசியோதெரபி செய்பவர்களும் கற்றுத் தந்த பாடங்கள் அவை. நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விழுங்கச் சிரமப்படும் குழந்தையைப் படுக்க வைத்துப் புகட்டக் கூடாது. தலையும் கழுத்தும் நேராக இருக்கும்படி உட்கார வைத்து, சிறு கரண்டியால் ஊட்ட வேண்டும். விழுங்கிய பிறகே அடுத்த கரண்டி. ஊட்டிய பின் அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகிவிடும்.

தானாகப் புரள முடியாத பிள்ளையை இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். ஒரு தாய் ஏன் தூங்குவதில்லை என்பது இப்போது புரிகிறதா?

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம், கையில் இரும்புச் சாவியும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே 108ஐ அழையுங்கள். ஓதிப் பார்க்கிறோம் என்று வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். துஆவும் செய்யுங்கள், மருந்தும் கொடுங்கள். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்களும் நம் நபியவர்கள்தாம்.

தலையில் நீர் கோர்த்து, அதை வடிக்கக் குழாய் வைக்கப்பட்ட குழந்தை வாந்தி எடுத்து, எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடந்தால், அல்லது கைக்குழந்தையின் உச்சிக்குழி புடைத்திருந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

புதிதாக நிக்காஹ் ஆனவர்களுக்கும் ஒரு செய்தி. குழந்தையின் தண்டுவடக் குழல் கருவுற்ற முதல் நான்கு வாரங்களிலேயே மூடிவிடுகிறது. பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே அப்போது தெரியாது. ஆகவே ஃபோலிக் அமில மாத்திரையைக் கருவுறும் முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். தினம் 400 மைக்ரோகிராம் என்பது பொதுவான அளவு. முதுகுத்தண்டுப் பிளவு போன்ற குறைகளை அது பெருமளவு தடுக்கிறது. தடுப்பது நம் முயற்சி. அதன் பிறகும் வருவது அல்லாஹ்வின் கத்ர். அதில் தாயின் மேல் குற்றமில்லை.

அரசின் உரிமைகளையும் கேட்டுப் பெறுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றிருக்கிறது. மூளை முடக்குவாதம் அதில் ஒன்று. நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் பயிற்சிகள் உண்டு. “வளர வளரச் சரியாகிவிடும்” என்று நாட்களைக் கடத்தாதீர்கள். மூளை வேகமாக வளரும் முதல் வருடங்களில் தரும் பயிற்சிக்கே பலன் அதிகம்.

தந்தைமார்களே! சம்பாதித்துக் கொடுப்பதோடு உங்கள் கடமை முடியவில்லை. ஒரு வேளை நீங்கள் ஊட்டுங்கள். ஓர் இரவு நீங்கள் விழித்திருங்கள்.

மஹல்லாவாசிகளே! இப்படிப்பட்ட பிள்ளை பள்ளிவாசலில் சத்தம் போட்டால் திரும்பி முறைக்காதீர்கள். குழந்தையின் அழுகை கேட்டால், தாயின் மனம் துடிக்குமே என்று நபியவர்கள் தொழுகையையே சுருக்கினார்கள். நம்மிலுள்ள பலவீனர்களின் பொருட்டே நமக்கு உதவியும் ரிஜ்கும் கிடைப்பதாகவும் சொன்னார்கள். அப்படியானால், நம் தெருவில் இந்தப் பிள்ளைகள் இருக்கும் வீடு பரக்கத்தின் வாசல் அல்லவா?

இந்த ஜும்ஆவுக்குப் பின் ஒரு நோட்டுப் புத்தகம் அலுவலக அறையில் இருக்கும். பயிற்சி பெற்று, வாரம் ஓர் இரவு நான்கு மணி நேரம் தரக்கூடிய பெண்கள், ஆண்கள் தங்கள் பெயரை எழுதுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டித் தருபவர்களும் எழுதுங்கள். முதல் பெயர் என் மனைவியுடையது, இரண்டாவது என்னுடையது.

யா அல்லாஹ்! நோயுற்ற பிள்ளைகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! விழித்திருக்கும் தாய்மார்களின் கண்களுக்கு உறக்கத்தையும், எங்கள் கல் நெஞ்சங்களுக்கு இரக்கத்தையும் தருவாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.